சிங்கப்பூர் குரூஸ்: எதை முன்பே முடிவு செய்வது, எதை அன்றைக்குப் பார்த்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான், தாய்லாந்தின் புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் இரண்டு முதல் ஐந்து இரவுக் கப்பல் பயணங்களை மனதில் வைத்து எழுதியது இது. தமிழ்நாட்டிலிருந்து முதன்முறை குரூஸ் போகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் தொடங்குகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து, ஒரே கேள்விதான்: எல்லாவற்றையும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டுப் போவதா, போன இடத்தில் பார்த்துக்கொள்வதா?

ஒரே வரியில் பதில் உண்டா?

உண்டு. தீர்ந்துபோகக்கூடியதை முன்பே முடியுங்கள், தீராததை அப்படியே விடுங்கள். விசா, விமானம், பக்கத்துப் பக்கத்து கேபின், இருக்கை குறைவான நிகழ்ச்சி, கரையில் தூரமாய் இருக்கும் இடம் எல்லாம் தீர்ந்துபோகும் ரகம். சாப்பாடு, நீச்சல் குளம், மேல் டெக்கில் காற்று, துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கும் ஊர் இவையெல்லாம் எங்கும் போய்விடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் என்ன சாப்பிடுவது என்று வாட்ஸ்அப் குழுவில் விவாதம் நடக்கும். விசாவில் எத்தனை முறை நுழைய அனுமதி இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எத்தனை மாதம் முன்பு புக் செய்ய வேண்டும்? கடைசி நேரத்தில் விலை குறையும் என்கிறார்களே?

குறைவது உண்மைதான். காலியான கேபினோடு கிளம்பினால் கப்பல் நிறுவனத்துக்குத்தான் நஷ்டம். அதனால் கடைசி வாரங்களில் தள்ளுபடி வரும். ஆனால் அந்தத் தள்ளுபடியை அனுபவிப்பவர் சிங்கப்பூரிலேயே வசிப்பவர். வெள்ளிக்கிழமை காலையில் விலையைப் பார்த்து முடிவெடுத்தாலும், மறுநாள் எம்ஆர்டி மெட்ரோ ரயில் ஏறி மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கினால் மரினா பே குரூஸ் சென்டர் பக்கத்தில்தான். சென்னை, மதுரை, திருச்சியிலிருந்து வருகிறவர் நிலைமை வேறு. கேபினில் மிச்சம் பிடித்ததை விமான டிக்கெட் விழுங்கிவிடும். விசா கைக்கு வரும்வரை நிம்மதியும் இருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். நம் ஊரில் விடுமுறை ஏப்ரல், மே. சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் நீளமாக மூடுவது ஜூனிலும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதி வரையும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம். சீனப் புத்தாண்டு தனி. அந்த நாட்களில் கப்பலும் நிரம்பும், விலையும் ஏறும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போக நினைப்பவர் ஆறு மாதம் முன்பே பார்ப்பது நல்லது. ஜூலை நடுவிலோ ஆகஸ்டிலோ போகிறவர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

முன்பே பதிவு செய்தவர் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை உண்டு: முழுப் பணம் கட்டும் கடைசித் தேதி எது, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற இரண்டையும் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு முன் விலை இறங்கியிருந்தால் ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் அவர்களாகக் குறைக்க மாட்டார்கள்.

விசா விஷயத்தில் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதாவது உண்டா?

எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் தயவுதாட்சண்யமே இல்லாமல் சொல்லும் ஒரே பதில் இது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் விசா தேவை. கப்பல் ஏறுவதற்காக ஒருமுறை சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள், பினாங்கு போய்த் திரும்பும்போது இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று விசா வந்ததுமே பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அல்ல. கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும் நிரப்ப வேண்டும். இதைத்தான் பலரும் மறப்பது.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தந்திருக்கிறது; ஆனால் அங்கே இறங்குவதற்கு அந்நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டை வேறு வேண்டும். தாய்லாந்தின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே போகும் மாதத்தில் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கரையில் இறங்கப் போவதில்லை, கப்பலிலேயே இருப்பேன் என்று சொன்னாலும், வழியில் இருக்கும் நாட்டுக்கான தாள் இல்லாவிட்டால் ஏறும் இடத்திலேயே நிறுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கேபினை நாமே தேர்ந்தெடுக்க வேண்டுமா, அவர்கள் தருவதை வாங்கிக்கொள்ளலாமா?

'கேரண்டி' என்று ஒரு வகை விற்பார்கள். உள் கேபினா, ஜன்னலா, பால்கனியா என்று வகையை மட்டும் நீங்கள் சொல்வீர்கள். எந்த எண், எந்தத் தளம் என்பதை அவர்கள் பிறகு முடிவு செய்வார்கள். விலை கொஞ்சம் குறைவு. கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும், தூக்கத்துக்குக் குறைவில்லாதவர்கள் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

தாத்தா பாட்டியோடு மூன்று தலைமுறையாகப் போகிறீர்களா? எடுக்கவே வேண்டாம். உங்கள் கேபின் எட்டாம் தளத்தில் முன்பக்கம், அப்பா அம்மாவுக்குப் பதிமூன்றாம் தளத்தில் பின்பக்கம் என்று விழுந்தால், அந்தத் தாழ்வாரங்களின் நீளத்தில் நடந்தே முழங்கால் போய்விடும். கெண்டிங் டிரீம் போன்ற கப்பலின் நீளம் 335 மீட்டர். பக்கத்துப் பக்கத்து அறை, லிஃப்டுக்கு அருகில், மேலேயும் கீழேயும் மற்ற கேபின்களே இருக்கும் தளம் என்று கேட்டு வாங்குங்கள். நேர் மேலே பஃபே கூடமோ நடனக் கூடமோ இருந்தால் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

குமட்டல் பயம் உள்ளவர்களுக்கு நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். வடக்கே புக்கெட்டை நெருங்கும்போதுதான், அதிலும் மே முதல் அக்டோபர் வரை, அலை தெரியும்.

கப்பல் கிளம்பும் அன்று காலை விமானத்தில் வந்து இறங்கினால் போதாதா?

வேண்டாம். முந்தைய நாளே வந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு கையைக் கடிக்கத்தான் செய்யும். லிட்டில் இந்தியாவில் தங்கினால் ராத்திரி இட்லிக்காவது கவலை இல்லை.

கப்பலுக்குள் எதையெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகத்தில் பிறந்தநாள், திருமணநாள் என்று குறிப்பிட்ட ஒரு இரவு வேண்டுமென்றால் அதை. இருக்கை அளவான மேடை நிகழ்ச்சிகளை. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பலில் போகிறீர்கள் என்றால், கடலுக்கு மேலே கிட்டத்தட்ட 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டையும், காற்றில் மிதக்கவிடும் ஐஃபிளையையும். இவற்றைக் கப்பல் நிறுவனத்தின் செயலியில் முன்பதிவு திறந்த உடனே எடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் போய்க் கேட்டால் கிடைப்பது சந்தேகம். முழுப் பயணமே மூன்று நான்கு நாள் என்றால், அதில் இரண்டாம் நாள் என்பது பாதிப் பயணம்.

வைஃபை, பானங்களுக்கான பேக்கேஜ் இரண்டும் ஏறுவதற்கு முன்பே வாங்கினால் வழக்கமாகக் கொஞ்சம் மலிவு. ஆனால் பான பேக்கேஜை வாங்குமுன் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். ஒரு நாள் முழுக்கக் கரையில் இருக்கப் போகிறீர்கள், காபியும் மோரும் மட்டுமே குடிப்பீர்கள் என்றால் அது வீண்.

சாப்பாட்டில் விசேஷத் தேவை இருந்தால் அதையும் முன்பே சொல்ல வேண்டும். கெண்டிங் டிரீமில் இந்திய சைவ உணவும் ஹலால் உணவும் உண்டு. வெங்காயம் பூண்டு சேர்க்காத உணவு, ஒவ்வாமை போன்றவற்றைப் பதிவு செய்யும்போதே எழுதிவிட்டு, ஏறிய முதல் நாள் உணவகப் பொறுப்பாளரிடம் நேரிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

இது தவிர ஒன்றே ஒன்றுதான் கட்டாயம்: அவசரகாலப் பயிற்சி. 2012-இல் கோஸ்டா கன்கார்டியா இத்தாலியக் கரையோரம் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அதுவரை பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. 'அப்புறம் வருகிறேன்' என்பதற்கு இதில் இடமில்லை.

நாள்வாரியாக அட்டவணை போட்டுக்கொண்டு போகலாமா?

போடலாம், முதல் நாள் மாலையிலேயே அது கிழியும். கப்பலுக்கென்று ஓர் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது: தினமும் செயலியிலோ தாளிலோ வரும், அரை மணிக்கு ஒரு நிகழ்ச்சி. அதன் மேல் உங்களுடையதையும் ஏற்றினால் விடுமுறை அலுவலகம் மாதிரி ஆகிவிடும்.

என் பரிந்துரை, ஒரு நாளைக்கு ஒரு ஆணி அடியுங்கள். ஒன்றே ஒன்று. ஒரு நாள் இரவு நிகழ்ச்சி, ஒரு நாள் பினாங்கு, ஒரு நாள் குழந்தைகளுக்கு நீர்ச்சறுக்கு. மற்ற நேரம் எப்படிப் போகிறதோ அப்படி.

திட்டமே இல்லாமல் கிடைப்பவைதான் கடைசியில் பேச்சில் வரும். சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும் முதல் மாலையில் மேல் டெக்குக்குப் போய்ப் பாருங்கள். நங்கூரமிட்டு நிற்கும் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. இருட்ட இருட்ட ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். அந்த நேரத்தில் முக்கால்வாசிப் பேர் பஃபே வரிசையில் நிற்பார்கள். நிகழ்ச்சிப் பட்டியலில் இது இருக்காது.

பினாங்கில் ஒரு நாள். டூர் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கால்களை நம்பினால் போதும். இந்தத் தடத்தில் திட்டமில்லாமல் இறங்கக்கூடிய ஊர் ஒன்று உண்டென்றால் அது பினாங்குதான்.

கப்பல் வந்து நிற்பது ஸ்வெட்டன்ஹாம் பியரில். வெளியே வந்தால் விக்டோரியா மகாராணியின் பெயரிலான மணிக்கூண்டு. அவர் ஆட்சி 1897-இல் 60 ஆண்டை நிறைவு செய்ததை ஒட்டி எழுப்பியது, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். அதன் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. துறைமுகம் ஊரின் வாசலிலேயே இருப்பதால் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஜார்ஜ் டவுனின் தெருக்களில் கால் மணி நேரத்துக்குள் இருப்பீர்கள். வாசலில் வழிமறிக்கும் டாக்சிக்காரர்களுக்கு ஒரு புன்னகை போதும்.

தெற்குப் பக்கம் நடந்தால் லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெருவில் பூக்கட்டும் கடை, வெள்ளிப் பாத்திரக் கடை, ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. அங்கிருந்து ஆர்மீனியன் தெருவுக்குப் போனால், 2012-இல் வரைந்த சைக்கிள் ஓட்டும் அக்கா தம்பிச் சுவர் ஓவியத்தின் முன் எப்போதும் ஒரு வரிசை. நாசி கண்டார் என்ற சோற்றுக் கடையில் கறிக்குழம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். 'எல்லாக் குழம்பும் கொஞ்சம் கொஞ்சம்' என்று தமிழிலேயே சொல்லக்கூடிய கடைகள் உண்டு. சைவமென்றால் லிட்டில் இந்தியாவிலேயே வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்.

இதற்கெல்லாம் டூர் பஸ் பிடித்தால், பஸ்ஸில் ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடும்.

விதிவிலக்கு ஒன்று: பினாங்கு மலை. 1923 முதல் ஓடும் மலை ரயிலின் அடிவாரம் ஆயர் ஈத்தாமில் இருக்கிறது, துறைமுகத்திலிருந்து காரில் அரை மணி போல. வார இறுதியில் ஏறவும் இறங்கவும் வரிசை நீளும். கப்பல் மதியம் வந்து இரவு கிளம்பும் நாட்களும் உண்டு. அப்படியானால் மலை அல்லது ஊர், ஏதாவது ஒன்று. மலைதான் வேண்டும் என்றால் டிக்கெட்டை முன்பே எடுங்கள், இறங்கியதும் நேரே அங்கே போங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலும் ஊரின் மேற்குப் பக்கத்தில் உண்டு. ஆனால் அதற்கும் 500-க்கு மேல் படிகள் ஏற வேண்டும்.

போர்ட் கிள்ளானிலும் அப்படியே இறங்கி நடக்கலாமா?

நடந்தால் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கலாம். குரூஸ் முனையம் இருப்பது புலாவ் இண்டா தீவில், சுற்றிலும் சரக்குத் துறைமுகம். 'கோலாலம்பூர்' என்று பயணத்திட்டத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆனால் நகரம் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெரிசலில் ஒன்றரை, இரண்டு என்றும் போகும்.

இங்கே திட்டம் வேண்டும். பத்துமலை போவதென்றால் அது நகரத்துக்கும் வடக்கே, ஆகவே அதை முதலில் முடித்துவிட்டு நகரத்துக்குத் திரும்புவது புத்திசாலித்தனம். 2006-இல் நிறுவிய 42.7 மீட்டர் முருகன் சிலையைக் கீழிருந்தே பார்க்கலாம். 272 படிகளையும் ஏறுவதானால் வெயில் ஏறுமுன் ஏற வேண்டும். வெறும் பெட்ரோனாஸ் கோபுரத்தின் முன் நின்று படம் எடுக்க எந்த முன்பதிவும் வேண்டாம். மேலே போவதற்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். பத்துமலை, கோபுரம், ஷாப்பிங் மூன்றும் ஒரே நாளில் என்று யாராவது சொன்னால், அவரிடம் திரும்பி வரும் நேரத்தைக் கேளுங்கள்.

நான்கு பேருக்கு மேல் இருந்தால் முழுநாள் வேன் பேசிவிடலாம். இரண்டு பேர் மட்டும் என்றால் கப்பல்காரர்களின் டூரே நிம்மதி.

புக்கெட்டில்?

இரண்டுக்கும் நடுவில். பல கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போடும்; டெண்டர் என்ற சிறு படகில்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு வரிசை எண் தருவார்கள். கப்பல் வழியாக டூர் எடுத்தவர்களை முதலில் அனுப்புவது வழக்கம், மற்றவர்கள் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். திரும்பும்போது அதே படகுக்கு எல்லோரும் கடைசி நேரத்தில் வந்து நிற்பார்கள்.

கடற்கரையில் கால் நனைத்து, இளநீர் குடித்து, கடைவீதி சுற்றித் திரும்ப எந்தத் திட்டமும் வேண்டாம். ஃபீ ஃபீ தீவு, ஃபாங் ஙா விரிகுடா என்று ஸ்பீட் படகில் போவதைக் கரையில் இறங்கித் தரகரிடம் பேசிப் போகாதீர்கள். தீவுக்குப் போகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல். கடல் கொந்தளித்தால் திரும்பும் நேரம் உங்கள் கையில் இல்லை. ஃபீ ஃபீயின் மாயா பே ஆகஸ்ட், செப்டம்பரில் இயற்கை மீளட்டும் என்று மூடிவைக்கும் இடம், அதையும் கவனியுங்கள்.

இன்னொரு பொறி கடிகாரத்தில் இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, உங்கள் போன் கரையின் சிக்னல் பட்டதும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். மாலை 4 மணிக்குக் கடைசிப் படகு என்றால், போனில் 3.30 காட்டும்போது உண்மையில் படகு போய் அரை மணி நேரமாகியிருக்கும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று அறிவிப்பில் சொல்வார்கள். கேபின் கதவைத் தாண்டுமுன் போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல்காரர்களின் டூர் விலை அதிகம். வெளியில் எடுத்தால் என்ன?

அதிகம்தான். அந்தக் கூடுதல் காசுக்கு ஒரு காப்பீடு கிடைக்கிறது: அவர்களுடைய பஸ் நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் செலவில் உங்களை அடுத்த ஊரில் சேர்ப்பார்கள். வெளியில் எடுத்த டூர் தாமதமானால் பொறுப்பு உங்களுடையது. ஆகவே தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். துறைமுகத்திலிருந்து அரை மணிக்குள் என்றால் சொந்தமாக. ஒரு மணிக்கு மேல் என்றால், அதிலும் திரும்பும் வழி ஒன்றே ஒன்று என்றால், கப்பல்காரர்களோடு.

வெளியில் எடுப்பதானால், முந்தைய நாள் வரை இலவசமாக ரத்து செய்யும் வசதி உள்ளதையே எடுங்கள்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

கப்பல் போய்விடும். கிளம்பும் நேரமும் ஏறும் கடைசி நேரமும் ஒன்றல்ல. ஏறும் நேரம் அரை மணி முதல் ஒரு மணி வரை முந்தியதாக இருக்கும், படகு போகும் ஊரில் இன்னும் முன்னதாக. விட்டுவிட்டால் துறைமுகத்தில் இருக்கும் கப்பல் ஏஜென்ட்டைத் தொடர்புகொள்ள வேண்டும். அவர் எண் தினசரித் தாளில் இருக்கும், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பினாங்கிலிருந்தும் புக்கெட்டிலிருந்தும் சிங்கப்பூருக்கு விமானம் உண்டு, கிள்ளான் பக்கமிருந்து பஸ்ஸே உண்டு. செலவு உங்களுடையது, பெட்டி கப்பலில்.

கரையில் இறங்கும்போது பாஸ்போர்ட்டை என்ன செய்வது என்பதைக் கப்பல் ஊழியர்கள் சொல்வதுபோலச் செய்யுங்கள். சில பயணங்களில் அவர்களே வாங்கி வைத்திருப்பார்கள். அப்படியானால் விசாவோடு அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.

அவர்களே ஒரு துறைமுகத்தை ரத்து செய்துவிட்டால்?

வானிலையோ துறைமுகச் சிக்கலோ காரணமாக எந்த ஊரையும் விட்டுவிட்டுப் போக, பயண ஒப்பந்தத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. நாம் படிக்காமல் 'சம்மதம்' அமுக்கிய அந்த நீளத் தாளில்தான் அது இருக்கிறது. துறைமுகக் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம், டிக்கெட் காசு கிடைக்காது. கப்பல் வழியாக எடுத்த டூருக்குப் பணம் திரும்பும். மழைக்காலத்தில் படகில் இறங்கும் ஊருக்குப் போவதையே ஒற்றை நோக்கமாக வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள் என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் எக்செல் ஷீட்டோடு வருகிறார். எனக்குத் தூங்கினால் போதும். என்ன செய்வது?

தூங்குங்கள். கப்பலில் பிரிந்திருப்பது சுலபம், அதுதான் அதன் பெரிய வசதி. கரையில் ஒருவர் ஒருபக்கம் போனால் சண்டை; கப்பலில் அவர் காலை யோகா வகுப்புக்குப் போகட்டும், நீங்கள் ஒன்பது மணிக்கு எழுந்து தோசை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே நிபந்தனை, கூடும் இடமும் நேரமும் காலையிலேயே பேசி வையுங்கள். நடுக்கடலில் போன் வேலை செய்யாது, வைஃபை இல்லாதவரைத் தேடிப் பதினைந்து தளம் அலைய முடியாது. பெரும்பாலான கேபின்களின் சுவரும் கதவும் உலோகம், காந்தம் ஒட்டும். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இரண்டு காந்தத்தை எடுத்துப் போய், '6 மணி, இரவுச் சாப்பாடு, ஏழாம் தளம்' என்று ஒரு துண்டுத்தாளை கதவில் ஒட்டிவிடலாம். தாத்தாவுக்கு எந்தச் செயலியையும் சொல்லித்தர வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எக்செல் பக்கம்தான் நான். பசி, தூக்கம், நீச்சல் குளம் மூன்றையும் நேரம் பார்த்துச் செய்யாவிட்டால் மற்றவர்களின் சுதந்திரம் அத்தனையும் போய்விடும்.

துறைமுக நாளில் இறங்காமலே இருந்துவிட்டால் காசு வீணா?

இல்லை. அன்றைக்குத்தான் நீச்சல் குளத்தில் இடம் இருக்கும், சறுக்கு மரத்தில் வரிசை இருக்காது. முன்பே பார்த்த ஊர் என்றால் நானும் இதைத்தான் செய்வேன். தானாக மனம் மாறி மதியம் ஒரு மணி நேரம் இறங்கிவிட்டு வருவதும் பினாங்கில் முடியும்.

போனை என்ன செய்வது?

கப்பல் கரையை விட்டதும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த மொபைல் சிக்னலில் போன் தானாக ஒட்டிக்கொண்டால், சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. பில் வந்தபிறகுதான் தெரியும். கரைக்கு இ-சிம் போதும்.

ஏறியபின் எதிர்பாராத செலவு என்னென்ன?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் கணக்கில் ஏறும். டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்களா என்று முன்பே பாருங்கள். கப்பல் டாக்டருக்குக் காசு உண்டு, அதுவும் டாலரில், ஆகவே பயணக் காப்பீடு எடுங்கள். போட்டோக்காரர் எடுக்கும் படங்கள், காசினோ, ஸ்பா எல்லாம் உங்கள் அறை அட்டையில்தான் போகும், கையிலிருந்து பணம் போவது தெரியாது. தினமும் இரவு செயலியிலோ ரிசப்ஷனிலோ கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. திட்டமில்லாமல் இருக்க விரும்புகிறவர்கள்கூட ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு இருக்கலாம்.

கப்பலில் வரியில்லாமல் மது பாட்டில் வாங்கி சிங்கப்பூருக்குள் கொண்டுபோகலாமா?

மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. மற்ற நாட்டிலிருந்து வந்தாலும், அதற்கு முன் 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். ஆக, கடைசித் துறைமுகம் பினாங்கோ கிள்ளானோ என்றால் பாட்டிலை யோசிக்காதீர்கள். சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது. மின்சிகரெட் கொண்டுபோவது குற்றம்.

கடைசி நாளில் விமானத்தை எத்தனை மணிக்கு வைக்கலாம்?

கப்பல் காலையில் வந்து சேர்ந்தாலும் இறங்குவது குழுக் குழுவாகத்தான். முந்தைய இரவு பெட்டிக்கு வண்ண அட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டால் அவர்களே கரைக்குக் கொண்டுபோவார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் மருந்தையும் பாஸ்போர்ட்டையும் தவறி அதற்குள் வைத்துவிடாதீர்கள். சீக்கிரம் இறங்க வேண்டுமென்றால் பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு முதல் ஆட்களில் போகலாம். குடியேற்ற வரிசை, சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மதியம் 2 மணிக்கு முன் விமானம் வைக்க வேண்டாம். இரவு விமானம் என்றால் பெட்டியை எங்காவது வைத்துவிட்டு லிட்டில் இந்தியாவின் செராங்கூன் சாலையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.